இரண்டாவது கயிறு

அத்தியாயம் 14

"திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்திருக்கு டீச்சர்! இங்க பாருங்க, இது ஒண்ணு, இது ஒண்ணு..."

ஸ்கேன் திரையில் தெரிந்த கறுப்பு வட்டங்களை நர்ஸ் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கே குழந்தை பிறக்கப்போவது போல முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடைசி ஊசி. வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கில்ல? நாளை மறுநாள் காலைல முட்டைகளை எடுத்துடலாம். உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துடுங்க. ரெண்டு பேரும் தம்பதியா கையெழுத்து போட்டாத்தான் தியேட்டர் கதவையே திறப்பாங்க. போன மாசம் ஒரு அம்மா தனியா வந்து நின்னாங்க. பச்சை கவுனெல்லாம் மாட்டின பிறகு திருப்பி அனுப்பிட்டாங்க, பாவம்."

"வந்துடுவார்," என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இந்த நல்ல செய்தியைக் கேட்கத்தான் அவள் தினமும் வயிற்றில் ஊசிக் குத்து வாங்கினாள். ஆனால் நேற்று மாலை பணம் கட்டும் கவுன்ட்டரில் விழுந்த இடியிலிருந்து அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. 'உங்க பேர்ல இன்னொரு இன்ஷூரன்ஸ் இருக்கே மேடம். அதனால உங்க கம்பெனி இன்ஷூரன்ஸ்ல அனுமதியை நிறுத்தி வச்சிருக்காங்க.'

கம்ப்யூட்டர் கோளாறு என்றுதான் நினைத்தாள். காலையில் வந்து பார்க்கச் சொன்னார்கள். வந்துவிட்டாள்.

கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த கவுன்ட்டர்க்காரர் அவளைப் பார்த்ததும் குனிந்துகொண்டார். குனிந்தபடியே சொன்னார்.

"கோளாறு இல்ல மேடம். லிஃப்ட் கம்பெனியோட பாலிசி. உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடம். மனைவின்னு உங்க பேரைச் சேர்த்திருக்கார்."

"அதுல இந்தச் சிகிச்சைக்குப் பணம் உண்டா?"

"கிடையாது. விபத்து, காய்ச்சல், ஆபரேஷன்... அவ்வளவுதான்."

"அப்ப அதால எனக்கு என்ன பிரயோஜனம்?"

"பிரயோஜனம் இல்ல. இடைஞ்சல்தான். உங்க சலவை ஆலை பாலிசில குழந்தைப்பேறு சிகிச்சைக்கான பகுதி, வேற எந்தப் பாலிசிலயும் பேர் இல்லாதவங்களுக்கு மட்டும்தான்." அவர் கண்ணாடியை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார். "ஊசி நேரத்துக்குள்ள அனுமதி வரணும் மேடம். இல்லேன்னா முழுப் பணத்தையும் கட்டணும். அந்த ஊசியைப் போட்டுட்டா அப்புறம் நிறுத்த முடியாது. ரெண்டும் இல்லேன்னா இந்தத் தடவை விட்டுடுங்க."

இந்தத் தடவை விட்டுடுங்க! பஸ்ஸை விடுவது போலச் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு சலவை ஆலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கப் போனது எதற்காக? அந்த ஆலையின் பாலிசியில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, இந்தச் சிகிச்சைக்கு இடமிருந்தது. பள்ளிக்கூடத்தில் அது இல்லை. நீராவியில் வெந்து, தகுதிகாண் காலத்தை முடித்து, நிரந்தரமாகி, இன்று இந்தக் கவுன்ட்டர் வரை வந்திருக்கிறாள். முதல் தடவை கைக்காசைப் போட்டுப் பார்த்தாயிற்று. அதில் அவளுடைய நகைகள் போயின, சேமநல நிதி போயிற்று, நாத்தனாருடைய காரின் ஆர்.சி. புத்தகம் அடமானத்துக்குப் போயிற்று. குழந்தை மட்டும் வரவில்லை.

'அடுத்த வருஷம்னா இவ்வளவு முட்டை இருக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்' என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

டீச்சர் படியிறங்கி ஓடினாள்.

*

ஓர் அலுவலகக் கட்டடத்தின் கூடத்தில், லிஃப்ட் வாசலில் மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். திறந்திருந்த கதவுக்குள்ளே, இருட்டுக் குழியிலிருந்து ஒரு தலை எழும்பியது. தலையில் ஒரு விளக்கு. சட்டைப்பையில் இன்னொரு விளக்கு.

லிஃப்ட் மெக்கானிக்கை அவன் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெட்டைப்பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு வாசலில் இரண்டு பூட்டு. கையில் இரண்டு குடை. பையில் இரண்டு பேனா. அவன் தொட்ட லிஃப்ட் எதுவும் இதுவரை நடுவில் நின்றதில்லை என்பதால், கிண்டலோடு கொஞ்சம் மரியாதையும் அந்தப் பெயரில் கலந்திருந்தது.

"நீ எங்க இங்க? ஸ்கேன் என்னாச்சு?"

"என்னங்க, உங்க கம்பெனி இன்ஷூரன்ஸ்ல என் பேரைச் சேர்த்தீங்களா?"

அவன் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை.

"கார்டு வந்துடுச்சா? ஊசியெல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லலாம்னு இருந்தேன். போன மாசம் புதுசா பேர் சேர்த்தாங்க. விடுவேனா?" கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே குழியிலிருந்து மேலே ஏறினான். "உன் கம்பெனி திடீர்னு கையை விரிச்சிட்டா? உனக்கு உள்ள ரத்தக்கசிவு, அது இதுன்னு ஆஸ்பத்திரில படுக்க வேண்டி வந்தா? ஒத்தைக் கயித்துல யாராவது லிஃப்ட்டைத் தொங்கவிடுவாங்களா சொல்லு?"

"உங்க கயிறு என் கயித்தை அறுத்துடுச்சுங்க."

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். வகுப்பில் சொல்வது போல ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னாள். பாதி சொல்லும்போதே அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? ஒரே ஒரு வார்த்தை! எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு! எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுங்க. அது மேலயும் ஏறி உட்கார்ந்துட்டீங்களே!"

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனுக்கு வாதாடத் தெரியும். இப்போது வாதாடவில்லை.

"எடுத்துடறேன்," என்றான். "இப்பவே ஆபீஸ் போய் உன் பேரை எடுத்துடறேன். சேர்த்தவன் நான்தானே? எடுக்க எவ்வளவு நேரம் ஆயிடும்? நீ இன்ஷூரன்ஸ்காரங்களைப் போய்ப் பாரு. கதவை மூடிடாம பிடிச்சு வை."

லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டு நடந்தான். குழிக்கதவை மூடினானா என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

*

"ஏறு, ஏறு. பின்னாடி உட்காரு. பெல்ட் போடு," என்றாள் நாத்தனார்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காரின் தலையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகை. ஓட்டும் இடத்தில் ஒரு பல் டாக்டர். ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டியரிங்கை ஒரு நோயாளியின் தாடையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அண்ணி, நீங்க ஓட்டுங்களேன். அவசரம்."

"சார் இந்த மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்காரும்மா. நடுவுல இறக்கிவிட முடியுமா? சார், இன்னிக்கு நமக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வரைக்கும் பயிற்சி. எங்க வீட்டுப் பொண்ணோட உயிர்ப் பிரச்சினை. கொஞ்சம் மிதிங்க."

பல் டாக்டர் மிதித்தார். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது.

"அது பிரேக் சார்."

பின்னால் வந்த வண்டிகள் ஊளையிட்டன. டீச்சர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளுக்குள் திராட்சைக் கொத்து கனத்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

நாத்தனார் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "என் தம்பிக்குப் புத்தி சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பரீட்சைக்கு ரெண்டு ஹால் டிக்கெட் கேட்டவன். இந்த வண்டியை மட்டும் அடமானம் வைக்காம இருந்திருந்தா..."

"போதும் அண்ணி. நீங்க குடுத்தது போதும்."

"சிக்னல் பச்சையாயிடுச்சு," என்றார் பல் டாக்டர், பயந்துகொண்டே.

"அப்ப போங்க சார்! என்கிட்ட அனுமதி கேக்கறீங்களே!"



*

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அந்த அதிகாரிக்குச் சளி. மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது. கடுகடுப்பாக இருப்பாள் என்று நினைத்த டீச்சருக்கு, அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னது இன்னும் பயத்தைத் தந்தது. கெட்ட செய்தி சொல்கிறவர்கள்தான் உட்காரச் சொல்வார்கள்.

"என் அக்காவும் இதே வரிசைல நின்னவதாம்மா. அதனால சுத்தி வளைக்காம சொல்றேன். அந்தப் பாலிசிலேர்ந்து உங்க பேர் விழுந்தாகணும். வருஷக் கடைசில யார் வேணா எடுக்கலாம். நடுவுல எடுக்கறதுக்கு மூணே வழிதான். எல்லாக் கம்பெனிலயும் ஒரே மாதிரிதான்."

"சொல்லுங்க."

"அவர் அந்த வேலையை விடணும். இல்லே, நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிருக்கணும். இல்லேன்னா..." அதிகாரி தும்மினாள்.

"யாராவது மண்டையைப் போடணும்," என்று நாத்தனார் முடித்து வைத்தாள். "நல்லாயிருக்கும்மா உங்க சட்டம். வாழற வழி ஒண்ணு கூட இல்ல."

அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"ஆபீஸ் மூடறதுக்குள்ள உங்க பேர் விழுந்துட்டதா அவங்க கம்பெனிலேர்ந்து எனக்குத் தகவல் வந்தா, நானே உட்கார்ந்து அனுமதி அனுப்பிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல."

வெளியே வந்ததும் டீச்சர் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இந்த மூணு வழியை அவர்கிட்ட சொல்லாதீங்க."

"ஏன்?"

"உடனே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்து நிப்பார். உங்க தம்பியை உங்களுக்குத் தெரியாதா? அவர் சம்பளத்துலதான் வாடகை, சாப்பாடு, அடமான வட்டி எல்லாம். நாளைக்குக் குழந்தையே வந்தாலும் எதை வச்சு வளர்க்கிறது? அந்த லிஃப்ட்டுங்கதான் அவருக்கு உசுரு. அதையும் பிடுங்கிட்டு நான் ஒரு பிள்ளையைப் பெத்துக்கணுமா?"

"அப்ப ஊசி?"

டீச்சர் காரை நோக்கி நடந்தாள். தூரத்தில் பல் டாக்டர் காரைத் தானே பின்னுக்கு எடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

*

அவள் சொல்ல வேண்டாம் என்றதை, அதே நேரத்தில் லிஃப்ட் கம்பெனியின் பணியாளர் அதிகாரி மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணுதான்யா வழி. நான் என்ன, கையால அழிக்கவா முடியும்?"

"சார், என் பொண்டாட்டிக்கு இது கடைசி வாய்ப்பு. நான்தான் கெடுத்தேன். நல்லது செய்யறதா நினைச்சுக் கெடுத்தேன்."

"நீ கேட்டப்பவே சொன்னேன், எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டுச் சேருன்னு. ரெண்டு இருந்தா நல்லதுதானே சார்னு இளிச்சே."

மெக்கானிக் தலைகுனிந்தான். சுவரில் அவன் படம் இருந்தது. விபத்தில்லாமல் பணிபுரிந்ததற்காகக் கொடுத்த கேடயத்தோடு, வெட்கத்தோடு சிரிக்கும் படம். 

"மூணாவது வழிக்கு நான் தயார் சார். ஆனா அதுக்குக் கொஞ்சம் லேட் ஆகும்."

"வாயைக் கழுவு. மனுஷன் பேசற பேச்சா இது?" அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "யோசிச்சுக்கோ. எதைக் குடுத்தாலும் நான் வாங்கி வச்சுப்பேன். எதுவும் கேட்க மாட்டேன்."

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சார்."

"பேனா?"

"என்கிட்ட இருக்கு. ரெண்டு இருக்கு."

முதல் பேனா எழுதவில்லை. அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தான். அது எழுதியது.  

*

டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஊசி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்ததில் அதன் மேல் பனி பூத்திருந்தது. பக்கத்தில் போன்.

நர்ஸைக் கூப்பிட வேண்டும். 'இந்தத் தடவை விட்டுடறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று சொற்கள். பள்ளியில் முழுப் பாடத்தையும் புத்தகம் பார்க்காமல் நடத்தியவளுக்கு, மூன்று சொற்கள் வாயில் வரவில்லை.

அடுப்பங்கரையில் நாத்தனார் சூப் காய்ச்சுகிறேன் என்று பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றால் அவள் அப்படித்தான் உருட்டுவாள்.

டீச்சர் போனை எடுத்தாள். நர்ஸின் எண்ணைத் தேடினாள். அப்போது போன் கையிலேயே அதிர்ந்தது.

ஒரு குறுஞ்செய்தி. இரண்டு முறை படித்தாள்.

"அண்ணி..."

"என்னம்மா?"

"அனுமதி வந்துடுச்சு."

கரண்டியோடு ஓடி வந்தாள் நாத்தனார். போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியவில்லை என்றாலும் போனுக்கே ஒரு முத்தம் கொடுத்தாள். டீச்சரின் முகத்தில் மட்டும் சந்தோஷம் ஏறவில்லை. ஏறப் பார்த்து, பாதியில் நின்றுவிட்டது.

"பேர் விழுந்திருக்கு அண்ணி. அப்படின்னா அவர் வேலையை விட்டுட்டார்."

வாசலில் முதல் பூட்டு திறந்தது. அப்புறம் இரண்டாவது.

அவன் உள்ளே வந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஏழடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. நேரே போய்க் கை கழுவினான். திரும்பி வந்து, மறுபடி போய் இன்னொரு முறை கழுவினான். தினமும் அவனே போட்டுவிடுகிற ஊசிதான்.

"என்னங்க... என்ன பண்ணினீங்க?"

"முதல்ல ஊசி. அப்புறம் பேச்சு."

"எனக்காக அந்த வேலையை..."

"பேசினா வயிறு ஆடும். மூச்சை இழுத்துப் பிடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு பெரிய விலையைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் நிற்கிறானே என்று மனசு உருகியது. காலையில் கூடத்தில் நின்று கத்தியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஊசி இறங்கியது. அவன் பஞ்சை வைத்து அழுத்தினான். அந்த விரல்களின் மேல் அவள் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க."

"நான் சொல்ல வேண்டியதை நீ ஏன் சொல்றே?" என்றான் மெல்ல.

மருந்து உள்ளே போய்விட்டது. இனி முட்டைகள் நேரம் பார்த்துக் கனியும். எடுக்காவிட்டால் வீணாகிவிடும். வேறு வழியில்லை.

அவன் எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். கம்பெனிச் சாவிக்கொத்தை வழக்கமான ஆணியில் மாட்டினான்.

"அக்கா, காலைல சீக்கிரம் எழுப்பிவிடு. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். விடிஞ்சதும் போய் முடிச்சாகணும்."

டீச்சர் ஆணியில் ஆடிக்கொண்டிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு... வேலைக்கா போறீங்க?"

"போகாம?"

"வேலையை விடலையா?"

"விட்டுட்டா வீட்டை யார் பார்க்கிறது?" அவன் முகத்தில், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "வேலையும் போகல, உன் ஊசியும் நிக்கல. ரெண்டையும் காப்பாத்திட்டேன். வெறும் காகிதந்தானே? ரெண்டு பேரும் பிரிஞ்சு வாழறோம்னு எழுதி, நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டுக் குடுத்தேன். வருஷக் கடைசில கிழிச்சுப் போட்டுட்டா ஆச்சு."

நாத்தனாரின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

"டேய்... என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"என்னக்கா? நிஜமாவா பிரிஞ்சுட்டோம்?"

"பிரிஞ்சு வாழறோம்னு..." டீச்சர் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தாள். "நாளை மறுநாள் நாம அங்க போய் என்ன கையெழுத்து போடணும் தெரியுமா? தம்பதின்னு போடணும். அது இல்லாம கதவே திறக்க மாட்டாங்க. காலைலதான் நர்ஸ் சொன்னா. அனுமதியோட ஒரு நகல் ஆஸ்பத்திரிக்கும் போகுங்க. உங்க கம்பெனி எதுக்காக என் பேரை எடுத்துச்சுன்னு அதுல இருக்கும்."

  இரண்டு விளக்கு, இரண்டு குடை, இரண்டு பூட்டு வைத்திருக்கிற மனிதன், மாட்டிய சாவிக்கொத்தை மறுபடி கையில் எடுத்தான்.

அவள் வயிற்றிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஒரு துளி ரத்தம்.

மேஜை மேல் போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். கவுன்ட்டர்க்காரராகத்தான் இருக்கும். கழுத்திலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த நகலைப் படித்திருப்பார்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

டீச்சர் போனை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். 

"எடுங்க," என்றாள். "எடுத்து, நீங்க எனக்கு யாருன்னு சொல்லுங்க."